பதினோரு மாத ஒப்பந்தம்

ராதாபுரம் சார்பதிவகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டி என் மேசை.
ஆடிக் காற்று. முத்திரைத்தாள் பறக்காமலிருக்க
அதன் மேல் ஓர் அரைச்செங்கல்.
அணு உலை பக்கத்தில்தான்.
கரண்ட் இல்லை.

செட்டிகுளத்தில் ராஜபுஷ்பத்தின் மாடி வீட்டுக்கு
வாடகை ஒப்பந்தம் எழுத வந்திருந்தார் ஓஸ்தாப்.
உலையில் வேலை. ஊர் உக்ரைன்.
என் ஸ்டூல் அவருக்குப் போதவில்லை.
மொழிபெயர்க்க விஜிலா.

என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார்.
பாகப்பிரிவினைதான் அதிகம் என்றேன்.
செத்தவர் விட்டுப்போனதை
இருப்பவர்கள் வெட்டிக்கொள்ளாமல் பிரிக்க.

சிரித்தார். பிறகு சொன்னார்:
செத்தது ஒரு பெரிய நாடு. பதினைந்து பிள்ளைகள்.
மூத்தவனைத் தவிர இன்னும் மூவர் மனையில்
மண்ணுக்கடியில் கிடந்தன அணுகுண்டு ஏவுகணைகள்.
கஜகஸ்தான் கொடுத்துவிட்டது.
பெலாரஸ் கொடுத்துவிட்டது.
நாங்களும்.

பழக்க தோஷம், என் கை எழுதத் தொடங்கிற்று:
'ஆ' தபசில் சொத்து விபரம்.
மேற்படி கோதுமை வயலிலுள்ள ஆழக் குழிகளும்
குழியின் இரும்பு மூடிகளும்
மூடிக்குள் உறங்குவதும்
சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்
புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்து

எந்தப் பேரன் அனுபவிப்பான் இதை?
அந்த வரியை அடித்துவிட்டு எல்லைக்குப் போனேன்.

சாவி யாரிடம் இருந்தது?
மூத்தவனிடம்.
அப்போ சுவாதீனம் இல்லை.
வீடு தம்பி பேரில், சாவி அண்ணன் அரைஞாணில்.
பணகுடியில் ஒன்று, வள்ளியூரில் இரண்டு
பார்த்திருக்கிறேன் இந்த மாதிரி.

பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் அவர் பார்த்த வேலை
பெர்வமைஸ்க் பக்கம், அந்தக் குழிகளை வெடி வைத்துத் தகர்ப்பது.
மண் கொட்டி நிரவிய பின் மந்திரிகள் வந்து நட்டது
என்ன செடி என்று விஜிலாவுக்குச் சொல் கிடைக்கவில்லை.
எதிர்க்கடையில் தொங்கிய எண்ணெய்ப் பாக்கெட்டை
அவர் விரல் நீட்டிக் காட்டினார்.
மஞ்சள் பூ.

பதிலுக்கு என்ன தந்தார்கள்?
உலைக்கு எரிபொருள். கொஞ்சம் பணம். ஒரு காகிதம்.
உங்கள் எல்லையைத் தொடமாட்டோம் என்று
மூன்று பேர் கையெழுத்து.
மூத்தவனும் போட்டானா?
போட்டான்.
தொட்டால்?
விஜிலா இரண்டு முறை கேட்டாள்.
அவர் மொழியில் அது உத்தரவாதம் என்றிருக்கிறதாம்,
இங்கிலீஷில் வெறும் உறுதிமொழி.

இருபத்தாறு வருஷம் இந்தச் சொற்களை விற்றுச் சாப்பிடுகிறேன்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு குடும்பம் விழுகிற அளவு கிணறு உண்டு.
சொல்லவில்லை.

கரண்ட் வந்தது. டைப் அடித்தோம்.
இருபது ரூபாய்த் தாள், பதினோரு மாதம்.
அதற்கு மேலென்றால் பதிவு செய்ய வேண்டும், செலவு.
முன்பணம் முப்பதாயிரம்
காலி செய்கையில் வட்டியின்றித் திருப்பித் தருவதாக.
எறும்பு ஊர்வது போலக் கையெழுத்திட்டாள் ராஜபுஷ்பம்.

மாசியில் அங்கே குண்டு விழுந்தது.
ஒரே இரவில் கிளம்பினார்.
தினமும் கூடச் சாப்பிட்ட மாஸ்கோக்காரர் ஒருவர்தான்
பெட்டியை மாடியிலிருந்து இறக்கிக் கொடுத்தாராம்,
இருவரும் ஒன்றும் பேசவில்லையாம்.
எண்ணெய் விலை ஏறியது. ஜெராக்ஸ் கடைக்காரன்
யாரையென்று தெரியாமல் வைதான்.

சித்திரையில் ராஜபுஷ்பம் வந்து
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
"அட்வான்ஸ எந்த விலாசத்துக்கு அனுப்ப?"
பதியாத தாள்தானே, யார் கேட்கப்போகிறார் என்றேன்.
"எழுதிக் குடுத்திருக்கம்லா வே."

நகலைத் தேடி எடுத்தேன்.
விலாசத்தில் ஊர்ப்பெயர் இருந்தது.
ஊர் இருக்கிறதா என்று விஜிலாவுக்கும் தெரியவில்லை.
தாளைத் திருப்பினால்
பின்பக்கம் என் கிறுக்கல்:
மேற்படி சொத்துக்கு நான்கெல்லையாவது
கிழக்கில்

அதற்கு மேல் எழுதவில்லை.